வேர்க்குரு என்று நினைத்தேன்

நான் பயந்தவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும் பஸ் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துதான் உட்காருவேன். என் பாரத்தால்தான் பஸ் பள்ளத்தில் விழாமல் போகிறது என்று ஒரு நினைப்பு. இப்படிப்பட்ட என்னை, ஐந்து வயது மகளோடும் இப்போதுதான் நடக்கத் தொடங்கிய மகனோடும் தன்னந்தனியாக லண்டனுக்கு பிளேன் ஏறி வரச் சொன்னார் என் கணவர்.

அவர் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். மகன் பிறந்து துடக்குக் கழித்த கையோடு போனவர். மகனுக்கு அப்பா என்றால் போன்தான். போனைக் கண்டால் முத்தம் கொடுப்பான், யாருடைய போன் என்றெல்லாம் பார்ப்பதில்லை. விசா வந்ததும் பாலர் பாடசாலை வேலையை விட்டேன், ஹட்டனில் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையைக் காலி செய்யத் தொடங்கினேன், கூடவே பயப்படவும் தொடங்கினேன்.

பயத்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை. பயணம் சொல்லப் போன இடத்திலெல்லாம் ஆளாளுக்கு ஒரு பயத்தைத் தாம்பூலம் மாதிரி கையில் கொடுத்தனுப்பினார்கள். பிள்ளை அழுதால் வெள்ளைக்காரர்கள் முறைப்பார்களாம். காற்றுக் குழியில் பிளேன் விழுமாம். மகள் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் திறக்க முடியாதாம். காது அடைக்கும் விஷயத்தை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்புக்கு இறங்கும் ஒவ்வொரு தடவையும் கித்துல்கலைக்குக் கிட்ட வரும்போது காது அடைத்துக்கொள்ளும், பிள்ளைகளின் வாயில் ஒரு டொபியைப் போடுவோம். அதனால் டொபி ஒரு பை நிறைய வாங்கினேன்.

“சும்மா பயந்துகிட்டே இருக்காத. நீ பயந்தா புள்ளைங்களும் பயப்படும்,” என்றார் கணவர் போனில்.

“பயப்படாம எப்படி இருக்கிறது? பதினொரு மணித்தியாலம். மடியில ஒன்னு, பக்கத்துல ஒன்னு.”

“நான் வரலயா?”

“நீங்க தனியா போனீங்க. தூங்கிக்கிட்டே வந்தேன்னு நீங்கதானே சொன்னீங்க.”

சிரித்து மழுப்பிவிட்டார்.

பயணத்துக்கு முதல் நாள் காலையில் மலையிலிருந்து வேனில் இறங்கி, விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் அவருடைய சிநேகிதர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். கீழ்நாட்டு வெக்கை மகனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிணுங்கிக்கொண்டே இருந்தான். உடம்பு லேசாகச் சுட்டது. பல் வருகிற காய்ச்சல் என்று சிரப் கொடுத்தேன். மறுநாள் காலை குளிப்பாட்டும்போது வயிற்றில் நாலைந்து சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். மலையில் வளர்ந்த பிள்ளைகள் எப்போது கீழே இறங்கினாலும் இதே கதைதான், அன்றைக்கே வேர்க்குரு போட்டுவிடும். மகளுக்கு மூன்று தடவை வந்திருக்கிறது. பவுடரை அள்ளிப் பூசி, புதுச் சட்டையைப் போட்டு, விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

பட்டப்பகலில் பிளேன் கிளம்பியது. ஜன்னல் பக்கம் மகள், நடுவில் மகனை மடியில் வைத்துக்கொண்டு நான், என் மறுபக்கம் ஓர் இளம் சிங்களப் பெண். குருநாகல் பக்கத்துக்காரி. வயிற்றில் ஆறு மாதம். தாய் வீட்டுக்கு வந்துவிட்டு லண்டனில் இருக்கும் புருஷனிடம் திரும்பிப் போகிறாள். தலைப்பிள்ளை. இதெல்லாம் பிளேன் ஓடத் தொடங்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் நான் பயத்தில் அவள் கையைப் பிடித்துவிட்டேன். இருக்கையின் கை என்று நினைத்துத்தான் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மேலே ஏறி முடியும்வரை அப்படியே கொடுத்திருந்தாள். அதன் பிறகு நான் அவளுக்கு அக்கே, அவள் எனக்கு நங்கி, தங்கச்சி.

சொல்லப்போனால் அந்த முதல் சில மணித்தியாலங்கள் என் வாழ்க்கையில் நான் பயப்படாமல் இருந்த நேரங்களில் சேர்த்தி. டொபி வேலை செய்தது. மகள் மேகத்தைப் பார்த்து, “நம்ம ஊர்ல இது ரோட்டுலயே இருக்குமே,” என்று அலுத்துக்கொண்டாள். மகன் பக்கத்து மடிக்குத் தாவினான். அவளுடைய போனுக்கு முத்தம் கொடுத்தான், அவளுடைய கன்னத்துக்கும் கொடுத்தான். சாப்பாடு வந்தபோது அவனை அவள் வாங்கி வைத்துக்கொண்டு, தன் தட்டிலிருந்த கோழிக்கறியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து ஊட்டினாள். “பழகிக்கொள்கிறேன் அக்கே, இன்னும் மூன்று மாதத்தில் எனக்கும் இதுதானே வேலை,” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாள். அவன் அவளுடைய தோளில் எச்சில் வடித்துக்கொண்டு கொஞ்சநேரம் தூங்கக்கூடச் செய்தான். நான் சாப்பிட்டேன். முழுச் சாப்பாட்டையும், சூடு ஆறுவதற்கு முன்பே சாப்பிட்டேன். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

அவன் எழுந்ததும் நெப்பி மாற்றக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மகள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். “நான் பார்த்துக்கொள்கிறேன்,” என்றாள் அவள்.

அங்கே சுவரிலிருந்து இறங்கும் ஒரு சின்னப் பலகையில் அவனைப் படுக்க வைத்துச் சட்டையைத் தூக்கினேன். வெளிச்சம் நேராக அவன் வயிற்றில் விழுந்தது. காலையில் நாலைந்தாக இருந்தது இப்போது வயிறு, நெஞ்சு, அக்குள் என்று பரவியிருந்தது. சிவப்புப் புள்ளியாக இல்லை. ஒவ்வொன்றிலும் நீர் கோத்திருந்தது.

டாக்டர்கள் இதைச் சின்னம்மை என்பார்கள். எங்கள் வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அம்மா வந்திருக்கு என்போம், அவ்வளவுதான்.

எங்கே பிடித்தது என்பதும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் வேப்பமரம் கிடையாது, குளிருக்கு வராது. மாரியம்மன் திருவிழாக் காலத்தில் கீழேயிருந்து லொறியில் வேப்பிலை வந்து ஹட்டன் கடைத்தெருவில் கட்டுக்கட்டாக விற்கும். அந்த ஒரு வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் எந்த லயத்து வீட்டு வரிசைக்குப் போனாலும் வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கும். நாங்கள் தோட்டத்துக்குப் பயணம் சொல்லப் போனது அந்த வாரத்தில்தான். என் மாமா மகள், எனக்கு மதினி முறை, கடைசி வீட்டில் இருக்கிறாள். அவள் வாசலிலும் வேப்பிலை தொங்கியது. அவள் எங்களைப் பார்த்து “வாங்க” என்று சொல்லவில்லை.

“இன்னொரு நாளைக்கிப் பாப்போம் மதினி,” என்றாள்.

“இன்னொரு நாளா? ரெண்டு வாரத்துல நாங்க போறோம்.”

அவள் பேசவில்லை. எனக்குச் சுருக்கென்றது. வெளிநாடு போகிறோம் என்றதும் முகம் மாறிவிட்டதாக்கும் என்று நினைத்து, அழைக்காவிட்டாலும் போவேன் என்று ரோஷத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். “புள்ளைய அங்கிட்டு விடாதீங்க, பெரியவன் படுத்திருக்கான்,” என்றாள். அதற்குள் என் மகன் திரைச்சீலைக்கு அடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் போய்விட்டான். புறப்படும்போது போய்ட்டு வாரோம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் புகைந்தேன்.

அம்மா வந்திருக்கும் வீட்டில் வருகிறவர்களை வா என்று சொல்லமாட்டார்கள், போகிறவர்களுக்குப் போய்வா என்றும் சொல்லமாட்டார்கள். நோயின் பெயரையும் வாயில் எடுக்கமாட்டார்கள். மதினி எதையும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நான் பார்த்தது திருவிழாவின் வேப்பிலையை மட்டும்தான்.

முதலில் மகனுக்காகப் பயந்தேன். கோழிக்கறி தின்றிருக்கிறான். பாலர் பாடசாலையில் கிருமி என்றால் என்ன என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவள்தான் நான். ஆனாலும் ஆத்தா உடம்பில் இருக்கும்போது மாமிசம் கொடுத்துவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடலைத் தாண்டி வேறு போய்க்கொண்டிருக்கிறோம். இரண்டாவதாக எனக்காகப் பயந்தேன். லண்டனில் இறங்க விடுவார்களா, அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்களா, பிளேனையே எங்காவது பாலைவனத்தில் இறக்கி எங்களை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுவார்களா என்றெல்லாம் ஓடியது. அதற்குப் பிறகுதான் அவளுடைய தோள் நினைவுக்கு வந்தது. அந்தத் தோளில் என் மகன் எச்சில் வடித்த ஈரம் இன்னும் காய்ந்திருக்காது.

மகன் என் வயிற்றில் இருந்த காலத்தில் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் எங்களை வரிசையாக உட்கார வைத்துச் சொன்னது அப்படியே காதில் கேட்டது. “அம்மா கண்ட புள்ளகிட்ட தெரியாம இருந்துட்டா, நாளைக்குப் பாப்போம்னு வீட்டுல குந்திக்கிட்டு இருக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி வந்திருந்தா பயமில்ல. வரலன்னா உடனே ஓடி வந்திரணும், ஊசி இருக்கு. விட்டா வயித்துல இருக்கிறதுக்குத்தான் ஆபத்து.” அன்றைக்கு நான் அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. பயந்தவர்களுக்கு இப்படிப்பட்டவை மறப்பதில்லை.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். நான் அசையவில்லை. ஒட்ட வேண்டியது இதற்குள் ஒட்டியிருக்கும், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவளுக்குப் பயத்தைக் கொடுத்ததுதான் மிச்சமாகும் என்று ஒரு மனம் சொன்னது. நல்ல சமாதானமாகத்தான் இருந்தது. சட்டையை இழுத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. லண்டனில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். ஆனால் ஊசி இருக்கிறது என்று மிஸ்ஸி சொன்னாரே. நான் வாயை மூடிக்கொண்டால் அவள் அந்த ஊசிக்குப் போகவே மாட்டாள். தன் பிள்ளைக்கு என்ன வந்தது, எதனால் வந்தது என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாமல் போய்விடும். எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

மகனைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். அந்த நடைபாதை அவ்வளவு நீளமாக முன்பு இருக்கவில்லை. அவள் என் இருக்கைக்கு நகர்ந்திருந்தாள், மகள் அவள் மேல் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். என்னைப் பார்த்ததும் பிள்ளையை வாங்க அவள் கையை நீட்டினாள். நான் ஓர் அடி பின்னால் போனேன்.

“ஏன் அக்கே?”

சிங்களத்தில் அந்த நோயின் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வரவில்லை. அவர்களும் வீட்டில் அதை அம்மாமாரின் நோய் என்றுதான் சொல்வார்கள், எங்களைப் போலவே. அதைத்தான் சொன்னேன்.

“நங்கி, பபாட்ட அம்மாவருன்கே லெடே.”

நீட்டிய கை அப்படியே வயிற்றுக்குப் போனது. முகத்தில் இரத்தமே இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாக மகளின் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

“உங்களுக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா?” என்று கேட்டேன்.

“தெரியவில்லை அக்கே. நினைவில்லை. அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.”

அந்தப் பிளேனில் போன் வேலை செய்யவில்லை. கீழே எந்த நாடு இருந்ததோ தெரியாது, மண் நிறமாக ஒன்று விரிந்து கிடந்தது. குருநாகலில் அவளுடைய அம்மா, தன் மகள் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்திருப்பார்.

பணிப்பெண்களில் மூத்தவரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் என் மகனின் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு முன்பக்கம் போனார். தரையிலிருக்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, மிஸ்ஸி சொன்னதையேதான் சொன்னார். முன்பு வந்திருந்தால் பயமில்லை. இல்லாவிட்டால் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரத்தம் பார்ப்பார்கள், மருந்து இருக்கிறது, ஆனாலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். பிறகு அவளை முன்வரிசையில் ஒரு காலி இருக்கைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் இருந்த ஒருவர், “இதுகளையெல்லாம் எப்படி ஏத்துறாங்க,” என்று என் காதுபடச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் திரும்பி நன்றாகக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அவர் சொன்னது எனக்கே சரியாகப் பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? ஒன்றும் நடக்கவில்லை. ஆறேழு மணித்தியாலம் ஒன்றுமே நடக்கவில்லை. மேற்கே பறக்கும் பிளேனில் பொழுது சாய மாட்டேன் என்கிறது. சூரியன் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. நான் இருந்த இடத்திலிருந்து அவளுடைய கொண்டையும் அதில் குத்தியிருந்த பச்சைக் கிளிப்பும் மட்டும் தெரிந்தன. அந்தக் கிளிப் அசைந்தால் அழுகிறாளோ என்று பயந்தேன். அசையாமல் இருந்தால் ஏன் அசையவில்லை என்று பயந்தேன். மடியில் மகன் உடம்பு கொதிக்கக் கொதிக்க நெளிந்தான். சொறிந்துவிடாமல் அவனுடைய இரண்டு கைகளையும் என் ஒரு கையில் பிடித்துக்கொண்டேன். மாரியம்மனை வேண்டினேன். வேண்டிக்கொண்டே சண்டையும் போட்டேன். என் பிள்ளை உடம்பில் வந்தாய், சரி, இரு. அந்தப் பிள்ளை இன்னும் உலகத்தையே பார்க்கவில்லையே, அதை ஏன் தேடிப் போனாய்?

மகள் எழுந்து பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். “அந்த ஆன்ட்டி எங்கம்மா?”

“முன்னுக்குப் போயிருக்காங்க.”

“நம்மளோட கோவமா?”

“இல்லடி. தம்பிக்கு உடம்பு சரியில்ல.”

“தம்பிக்கு உடம்பு சரியில்லன்னா ஆன்ட்டி ஏன் அழுதாங்க? நான் தூங்குற மாதிரி படுத்திருந்தேன்.”

அவளுக்கு ஒரு டொபி கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க?

பிளேன் இறங்கும்போது நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. விழுந்தால் விழட்டும் என்று இருந்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லாருடைய போனும் உயிர் பெற்று ஒலிக்கத் தொடங்கியது. எங்களை மட்டும் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். எல்லாரும் இறங்கிய பிறகு சுகாதாரப் பகுதியிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார் என்றார்கள். என் கணவரின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சனங்கள் எங்கள் வரிசையைத் தாண்டும்போது பைகளை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தலைகளுக்கு நடுவே நான் பச்சைக் கிளிப்பைத் தேடினேன். அவள் எழுந்து நின்று போனைக் காதில் வைத்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. பேசுகிறாளா கேட்கிறாளா என்று தெரியவில்லை. ஒரு கையால் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள், கிளிப் மறைந்துபோனது. என் நெஞ்சு அடித்தது பிள்ளைக்கே கேட்டிருக்கும். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

பிளேன் காலியானது. அவள் இறங்கவில்லை. எழுந்து, வெளியே போகிற வழியை விட்டுவிட்டு, வெறும் இருக்கைகளுக்கு நடுவே எங்களை நோக்கி நடந்து வந்தாள். பணிப்பெண் ஏதோ சொல்லித் தடுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்து நின்றேன். கண் இரண்டும் வீங்கியிருந்தன. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. போனை என் காதில் வைத்து, “அம்மா உங்களோடு பேச வேண்டுமாம்,” என்றாள்.

வயதான ஒரு பெண்ணின் குரல். என்னை துவே, மகளே, என்று கூப்பிட்டது.

“பயப்படாதே துவே. இவளுக்கு வந்திருக்கிறது. நாலு வயதில், சித்திரைப் புதுவருஷத்துக்கு முதல் நாள் வந்தது. எனக்கு மறக்குமா? அந்த வருஷம் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை.”

அம்மா வந்திருக்கும் வீட்டில் எண்ணெயில் எதையும் பொரிக்கமாட்டார்கள். அது அவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.

“ஊரெல்லாம் எண்ணெயில் கெவும் பலகாரம் சுடுகிற வாசம். இவள் வேப்பிலையில் படுத்துக்கொண்டு எனக்குக் கெவும் வேண்டும் கெவும் வேண்டும் என்று மூன்று நாள் அழுதாள். நான் கொடுக்கவில்லை. இத்தனை வருஷமாக அதை நினைத்தால் எனக்கு மனசு சுடும். இன்றைக்குத்தான் ஆறியது. உன் பிள்ளை எப்படி இருக்கிறான், துவே? காய்ச்சல் இருக்கிறதா?”

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியே பிள்ளையோடு அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போனில் அந்த அம்மா, “துவே, ஹலோ, ஹலோ,” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.